முன்பாயைச் சுருட்டிய வரலாறு

கொச்சி நகரை அறிந்த நேயர்கள் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் பின்புறத்தைக் கண்டிருக்கக்கூடும். தெருப்பக்கம் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள். அவற்றின் புறக்கடையோ காயல் நீரில் இறங்கி நிற்கும். ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டித் திறந்து, 1928ஆம் ஆண்டில் பெருங்கப்பல்களை உள்ளே வரச் செய்யும்வரை, அவை வெளிக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கரையோர வாணிகத்தைச் சுமந்தவை பத்தேமாரி எனப்படும் பாய்மரக்கலங்கள்.

பத்தேமாரியின் பாய் நீண்ட பருமலில் சாய்வாகத் தொங்குவது. மென்காற்றில் அதற்கு நிகரில்லை. காற்று மிகுந்தால்தான் சங்கடம். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். எனவே பாயைச் சிறிதாக்கியே தீரவேண்டும். நம் கடலோடிகள் பருமலையே கீழே இறக்கிப் பெரிய பாயை அவிழ்த்து, சிறிய பாயைக் கட்டி, மீண்டும் ஆஞ்சானை இழுத்து ஏற்றினார்கள். தண்டையலின் குரலுக்குப் பல கைகள் ஒருங்கே இயங்கிய காலம் அது. கைகள் மலிவாயிருந்த இடத்தில் பொறி தேவைப்படவில்லை என்று சொன்னால் தவறாகாது.

ஓரிருவர் மட்டும் செல்லும் சிறு படகிலேதான் இச்சிக்கல் கடுமையாயிற்று. பாய்மர உச்சியிலிருந்து அணியத்துக்கு இறங்கும் கம்பியில் முக்கோண முன்பாய் கொக்கிகளால் மாட்டப்பட்டிருக்கும். அதை மாற்ற விரும்புபவர், அலை புரளும் வேளையில் அணியத்துக்கு ஊர்ந்து சென்று, ஒரு கையால் உயிரையும் மறுகையால் பாயையும் பற்றிக்கொள்ள வேண்டும். 1968 ஜூன் மாதத்தில் ஃபால்மத் துறைமுகத்தினின்று புறப்பட்டு, எங்கும் தங்காமல் தனியே உலகைச் சுற்றி, 312 நாட்களில் திரும்பிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்குமரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு. முன்பாயை மாற்றும் வேலையெல்லாம் அவருடைய இரு கைகளுக்கே உரியதாயிருந்தது.

இதற்கு மாற்று அதற்கு முன்பே தோன்றியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த ‘வைக்கம் மார்ட்டின்’ பொறியில், பாயின் அடியில் ஓர் உருளையும் மேலே ஒரு சுழலியும் உண்டு. உருளையில் சுற்றிய கயிற்றை இருக்கையிலிருந்தே இழுத்தால் பாய் தன்னைத் தானே சுருட்டிக்கொள்ளும். ஆயினும் பாயை முழுமையாக விரிக்கலாம், முழுமையாகச் சுருட்டலாம். பாதியாகக் குறைத்து ஓட்ட இயலாது. மெல்லிய கம்பியோரம் முறுக்கிக்கொள்ளுமே தவிர, அழுத்தத்தைத் தாங்காது.

பின்னாளில் கம்பியைச் சுற்றி அலுமினியக் குழற்சட்டம் பொருத்தி, அதன் பள்ளத்தில் பாயின் விளிம்பைச் செலுத்தும் முறை வந்தது. சட்டம் முழுவதும் ஒருசேரத் திரும்புவதால் வேண்டிய அளவு பாயைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பாதி சுருட்டிய பாயின் வயிறு உப்பிப் போகும். காற்றுக்கு எதிராகச் செல்லும் திறன் குறையும். விளிம்பில் நுரைப்பட்டை தைப்பது இதற்குத்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டிவிட்டு நல்ல ஓட்டத்தை எதிர்பார்ப்பது, என் கருத்தில், பேராசை.

பொறியைத் தேர்ந்தெடுப்பவர் விலையை நோக்குமுன் கம்பியின் நீளத்தையும் பருமனையும் முளையின் விட்டத்தையும் அளந்துகொள்ளல் வேண்டும். பொருத்துங்கால் பெரும் பிழை நேர்வது உச்சியில். ஆஞ்சான் முன்கம்பிக்கு இணையாக இறங்கினால், சுழலி திரும்பும்போது கயிறும் உடன் சுற்றிக்கொண்டு பாய் நடுக்கடலில் சிக்கிவிடும். சற்றுப் பின்வாங்கிய கோணத்தில் கயிறு செல்லும்படி மரத்தில் ஒரு வழிகாட்டியை அமைத்தால் போதும். சிறு பொருள், இது இல்லாமல் திண்டாடியவர்கள் பலர். கீழே, கயிறு உருளைக்கு நேர்குறுக்காகச் சேரவேண்டும், முன்கம்பியும் தளர்ந்திருத்தலாகாது.

இதன் பயனை அண்மையில் நம் பெண்களே காட்டினார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா ஆகிய இரு கடற்படை அதிகாரிகள் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’யில் புறப்பட்டு, 2025 மே மாத இறுதியில் உலகைச் சுற்றித் திரும்பினர். 56 அடிப் படகை இருவர் நடத்துவதென்றால், முன்பாய்கள் சுருளும் அமைப்புக் கொண்டிருந்தது எத்துணை உதவி!

கொச்சியில் படகு வைத்திருப்போர் மறவாமல் செய்யவேண்டியது இன்னும் ஒன்று. உப்புக் காற்று அலுமினியத்தையும் எஃகுத் திருகாணியையும் ஒன்றாக்கிப் பற்றவைத்துவிடும். நன்னீரால் கழுவுதல் வேண்டும். ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன் பாயைச் சட்டத்திலிருந்து முழுவதும் இறக்கி, உலர்த்தி, உள்ளே வைத்துவிடுக. சுருட்டிக் கட்டிய பாயானாலும், புயலின் விரல்கள் ஒரு மடிப்பைக் கண்டுவிட்டால் இரவோடு இரவாக அவிழ்த்துக் கிழித்துவிடும்.