‘வெல்ல வாய்ப்பில்லாதவர்’ என்று முடிவு செய்வது யார்? அமெரிக்க அதிபர் தேர்தல்களும் ஊடகச் சார்பும்

1972 ஜனவரி 25 அன்று, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள கான்கார்ட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், அமெரிக்க அதிபர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் சார்பில் போட்டியிடப் போவதாக ஷெர்லி சிஷோம் அறிவித்தார். நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் பணியாற்றிய பின், 1968 தேர்தலில் வென்று பிரதிநிதிகள் அவைக்குள் நுழைந்தவர் அவர். அந்த அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. எனினும் வெகுசன ஊடகங்களின் பார்வையில் அவர் ஓர் ‘அடையாள வேட்பாளர்’ மட்டுமே. அவருடைய கொள்கைகளைப் பற்றி எழுதப்பட்டதைவிட, அவர் ஏன் போட்டியிடுகிறார் என்ற வியப்பே மிகுதியாக எழுதப்பட்டது.

அவ்வாண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவில் முதனிலைத் தேர்தல் நடைபெறவிருந்தது. கட்சி வேட்பாளரைத் தேர்வதற்கான அந்தத் தேர்தலுக்கு முன்பாக, ஜார்ஜ் மெக்கவர்ன், ஹியூபர்ட் ஹம்ப்ரி ஆகிய இருவரையும் எதிரெதிரே அமர்த்தி விவாதிக்கச் செய்யத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஏற்பாடு செய்தன. வாக்குச்சீட்டில் பெயர் இருந்தும் சிஷோம் அழைக்கப்படவில்லை. அவர் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார்; ஆணையம் மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். அவருக்கும் ஒளிபரப்பு நேரம் கிடைக்க வழிசெய்யுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. மற்ற இருவருக்கு அழைப்பிதழாக வந்த ஒன்றை அவர் வழக்காடிப் பெற வேண்டியிருந்தது.

இந்த ஒரு நிகழ்விலிருந்து இக்கட்டுரையின் மையக் கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். ஒரு வேட்பாளரை ‘வெளியாள்’ என்றும் ‘வெல்ல வாய்ப்பில்லாதவர்’ என்றும் ஊடகங்கள் எந்த அளவுகோலால் தீர்மானிக்கின்றன? அரசியல் அனுபவமே அளவுகோல் எனில் சிஷோம் வெளியாள் அல்லர். அவரை வெளியே நிறுத்தியது அவருடைய இனமும் பாலினமும் பணமின்மையும்தான் என்பது நம் வாதம்.

சார்பு செயல்படும் நான்கு வழிகள்

ஊடகச் சார்பு என்றதும் பொய்ச் செய்தியும் அவதூறுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. நடைமுறையில் அது பெரும்பாலும் பொய் சொல்லாமலேயே இயங்குகிறது.

முதலாவது, மௌனம். ஒருவரைப் பற்றி எழுதாமல் விடுவதற்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை. மறுப்புச் செய்தி கோரவும் இயலாது.

இரண்டாவது, அடையாளமாகச் சுருக்குதல். ‘முதல் கறுப்பினப் பெண்’ என்ற சொற்றொடர் பாராட்டுப் போலவே ஒலிக்கும். ஆனால் செய்தி அத்துடன் முடிந்துவிடுமானால், அந்த வேட்பாளரின் நலத்திட்டமும் பொருளாதாரக் கருத்தும் வெளியுறவுக் கொள்கையும் வாசகரைச் சென்றடைவதில்லை.

மூன்றாவது, வேறுபட்ட கேள்வி. மற்றவர்களிடம் ‘என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கும் செய்தியாளர், இவரிடம் ‘ஏன் நிற்கிறீர்கள்?’ என்று கேட்கிறார். முன்னவருக்குத் தகுதி உண்டு என்பது தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டுவிடுகிறது. பின்னவர் தம் தகுதியை மெய்ப்பித்த பிறகே பேசத் தொடங்க முடிகிறது.

நான்காவது, ‘வெற்றி வாய்ப்பு’ என்னும் சுழல். ஊடகம் கவனிக்காததால் பெயர் பரவுவதில்லை. பெயர் பரவாததால் கருத்துக்கணிப்பில் எண் உயர்வதில்லை. எண் உயராததால் விவாத மேடையில் இடமில்லை. மேடையில் இல்லாததால் ஊடகம் கவனிப்பதில்லை. இச்சுழலின் விளைவையே அதன் காரணமாகக் காட்டி, ‘மக்கள் ஆதரவு இல்லை, ஆகவே நாங்கள் எழுதவில்லை’ என்று செய்தி ஆசிரியர்கள் கூறிவிட முடிகிறது.

ஜெசி ஜாக்சன்: வாக்குகள் வந்த பிறகும்

சிஷோமுக்கு மியாமி கடற்கரை மாநாட்டில் கிடைத்த பேராளர் வாக்குகள் 152. எண்ணிக்கை குறைவாக இருந்ததால்தான் ஊடகம் பொருட்படுத்தவில்லை என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஜெசி ஜாக்சனின் அனுபவம் உதவுகிறது.

மார்ட்டின் லூதர் கிங்குடன் பணியாற்றிய ஜாக்சன், 1984இலும் 1988இலும் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டார். முதல் முறை முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். இரண்டாம் முறை அது ஏறத்தாழ எழுபது இலட்சமாக உயர்ந்தது. 1988 மார்ச் 8 அன்று ஒரே நாளில் அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, வர்ஜீனியா ஆகிய ஐந்து தென்மாநிலங்களில் முதலிடம் பெற்றார். அம்மாத இறுதியில் மிச்சிகனில் மைக்கேல் டுகாகிசைத் தெளிவாக வென்றார். மருத்துவக் காப்பு, தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின்மீது கடும் தடைகள், நலிந்த சிறு விவசாயிகளுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பு என விரிவான வேலைத்திட்டம் ஒன்றும் அவரிடம் இருந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் அமெரிக்க ஊடகங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி, ‘ஜெசிக்கு என்னதான் வேண்டும்?’ என்பதே. அதிபர் பதவிக்கு நிற்பவருக்கு அதிபர் பதவி வேண்டும் என்ற எளிய விடையை அக்கேள்வி முன்கூட்டியே நிராகரித்துவிடுகிறது. துணை அதிபர் பதவிக்காகப் பேரம் பேசுகிறாரா, மாநாட்டில் செல்வாக்குத் தேடுகிறாரா என்ற ஊகங்களே செய்தியாயின. டுகாகிசிடம் இக்கேள்வியை எவரும் கேட்கவில்லை. மௌனம் உடைந்த பிறகும் ஐயம் நீங்கவில்லை என்பதையே இது காட்டுகிறது.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1984இல் ஜாக்சன் யூதர்களை இழிவுபடுத்தும் சொல்லொன்றைத் தனிப்பட்ட உரையாடலில் பயன்படுத்தினார்; அதை வெளிக்கொணர்ந்தவர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் கறுப்பினச் செய்தியாளர் மில்டன் கோல்மன். ஜாக்சன் பின்னர் யூத வழிபாட்டுத் தலம் ஒன்றில் மன்னிப்புக் கோரினார். அச்செய்தியை வெளியிட்டது சார்பு ஆகாது. இதழியலின் கடமை அது. ஒடுக்கப்பட்ட மக்களின் வேட்பாளர் என்பதால் ஒருவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடமாட்டார். எல்லா வேட்பாளர்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சிஷோமின் வழியில் ஊடகம் மட்டுமே தடையாக இருந்தது என்றும் கூற முடியாது. கறுப்பின ஆண் தலைவர்கள் பலரும், பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னணியினர் பலரும் அவருக்கு முழு ஆதரவளிக்கவில்லை. 1972 மார்ச் மாதம் இண்டியானாவின் கேரி நகரில் கூடிய தேசியக் கறுப்பின அரசியல் மாநாடு அவரை வேட்பாளராக ஏற்று அறிவிக்கவில்லை. கறுப்புச் சிறுத்தைகள் கட்சி அவரை ஆதரித்தது. இயக்கத்துக்குள் இருக்கும் ஆணாதிக்கம், வெளியே இருக்கும் ஊடகத்துக்கு எளிய சாக்காக அமைகிறது என்பதைத் தலித் பெண்களின் தலைமை குறித்து விவாதிக்கும் நாமும் மனத்தில் கொள்ள வேண்டும்.

விதிகள் யாருக்காக மாறின?

1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, ஒரு வேட்பாளருக்கு ஒளிபரப்பு வாய்ப்பளிக்கும் நிலையம் மற்ற வேட்பாளர்களுக்கும் சம வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. கேட்பதற்கு முழுமையான நீதிபோலத் தோன்றும் இவ்விதி, படிப்படியாக நீர்த்துப்போனது. 1959இல் செய்தி, செய்தி நேர்காணல், நிகழ்விடச் செய்தி முதலியவற்றுக்கு விலக்களிக்கப்பட்டது. சிஷோமை ஒதுக்க இவ்விலக்கே கேடயமாக நீட்டப்பட்டது. 1975இல், வெளி அமைப்பு ஒன்று நடத்தும் வேட்பாளர் விவாதமும் செய்தி நிகழ்வே என்று ஆணையம் விளக்கமளித்தது. இதனால் இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களை மட்டும் வைத்து விவாதம் நடத்துவது சட்டப்படி எளிதாயிற்று.

1987இல் அவ்விரு கட்சிகளின் தலைவர்களும் இணைந்து அதிபர் விவாதங்களுக்கான ஆணையத்தை உருவாக்கினர். பெயரில் ஆணையம் என்றிருந்தாலும் அது அரசு அமைப்பு அன்று. 2000ஆம் ஆண்டுத் தேர்தல் முதல், தேசியக் கருத்துக்கணிப்புகளில் 15 விழுக்காடு ஆதரவு பெற்றவருக்கே மேடையில் இடம் என்று அது விதித்தது. ஆட்டத்தில் யாரைச் சேர்ப்பது என்பதை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் இரு அணிகளே தீர்மானித்த நிலை இது.

1992இல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ அவ்விவாதங்களில் பங்கேற்றார். பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். அவர் பெருஞ்செல்வந்தர், அரைமணி நேர ஒளிபரப்பை விலைகொடுத்து வாங்கி மக்களிடம் நேரடியாகப் பேசும் வசதி படைத்தவர். அவரும்கூட 1996இல் மேடையிலிருந்து விலக்கப்பட்டார். பணம் கதவைத் திறக்கும். ஆனால் திறந்தே வைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எல்லா வெளியாட்களும் ஒன்றல்லர்

2016 தேர்தலை நோக்கினால், ‘வெளியாள்’ என்ற சொல்லே எவ்வளவு வழுக்கலானது என்பது புரியும். டொனால்ட் ட்ரம்ப் அதுவரை எந்த மக்கள் பதவியையும் வகித்தவர் அல்லர். பெர்னி சாண்டர்ஸ் கால் நூற்றாண்டாகப் பிரதிநிதிகள் அவையிலும் செனட்டிலும் பணியாற்றியவர். இருவரும் வெளியாட்கள் என்றே அழைக்கப்பட்டனர். ஆண்ட்ரூ டின்டாலின் தொலைக்காட்சிச் செய்திக் கண்காணிப்பின்படி, 2015 ஜனவரி முதல் நவம்பர் வரை ஏபிசி நிறுவனத்தின் மாலைச் செய்தி ட்ரம்பின் தேர்தல் பணிக்கு 81 நிமிடங்களை ஒதுக்கியது; சாண்டர்சின் தேர்தல் பணிக்கு 20 நொடிகளை ஒதுக்கியது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் பேட்டர்சன் 2016இல் வெளியிட்ட ஆய்வும் கவனத்துக்குரியது. கருத்துக்கணிப்பில் உயர்ந்த பின்னரே ட்ரம்ப் செய்தியானார் என்ற பொதுக்கருத்துக்கு மாறாக, அவர் உயர்வதற்கு முன்பே பெருமளவு செய்தியாக்கப்பட்டார் என்பதை அது காட்டியது. சாண்டர்சைப் பற்றி வந்த செய்திகளின் தொனி பெரும்பாலும் சாதகமாகவே இருந்தது. ஆனால் அவற்றின் அளவு சிறிது. சார்பைத் தொனியில் மட்டும் தேடுவோர் அளவைக் காணத் தவறுவர் என்பதற்கு இதுவே சான்று. ட்ரம்பின் பரப்புரை நாட்டுக்கு நல்லதோ இல்லையோ, தம் நிறுவனத்துக்கு நல்ல வருவாய் என்ற பொருளில் சிபிஎஸ் நிறுவனத்தின் தலைவர் லெஸ் மூன்வெஸ் அப்போது வெளிப்படையாகவே பேசினார்.

ஆக, புகழும் பணமும் பரபரப்பும் உடைய வெளியாளுக்கு ஊடகச் சுழல் ஏணியாகிறது. மற்றவர்களுக்கு அதுவே மதிலாகிறது.

செய்தியறையில் அமர்ந்திருப்போர்

1967 கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம், 1968இல் அளித்த அறிக்கையில் ஊடகங்களுக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது. அமெரிக்கச் செய்தித்துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றும், ஊடகங்கள் வெள்ளையரின் உலகிலிருந்தே நாட்டைப் பார்க்கின்றன என்றும் அது சுட்டியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் சிஷோமைப் பற்றி எழுதியவை அந்தச் செய்தியறைகளே.

நம் நாட்டின் நிலையும் அறிந்ததே. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊடக நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித்துகளும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. ஒரு தலித் தலைவரை ‘தலித் தலைவர்’ என்றும், ஆதிக்கச் சாதித் தலைவரை வெறுமனே ‘தலைவர்’ என்றும் எழுதும் வழக்கம் இந்தச் செய்தியறைகளிலிருந்தே பிறக்கிறது.

இதற்கு எதிரான வழியையும் இரு மக்களும் ஒன்றுபோலவே கண்டடைந்தனர். கறுப்பினத்தவர் 1827இல் நியூயார்க்கில் ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ இதழைத் தொடங்கினர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும், அண்ணல் அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’ இதழையும் தொடங்கினர். சிஷோம் போட்டியிட்ட அதே 1972ஆம் ஆண்டில், கறுப்புச் சிறுத்தைகளை முன்மாதிரியாகக் கொண்டு மும்பையில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது.

வாசிக்கும்போது எழுப்ப வேண்டிய கேள்விகள்

தேர்தல் செய்திகளை ஆராயும் மாணவர்களும் களப்பணியாளர்களும் பின்வரும் கேள்விகளைக் கைக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை நிமிடங்கள், எத்தனை பத்திகள் ஒதுக்கப்பட்டன? தொனியை மதிப்பிடுவதற்கு முன் அளவை எண்ணுவோம்.

வேட்பாளரின் கொள்கை எத்தனை வரிகளில் வந்துள்ளது? பிறப்பும் தோற்றமும் எத்தனை வரிகளில் வந்துள்ளன?

இவரிடம் கேட்கப்படும் கேள்வி மற்றவர்களிடமும் கேட்கப்படுகிறதா?

‘வெற்றி வாய்ப்பில்லை’ என்ற கூற்றுக்கு என்ன சான்று? அச்சான்று ஊடகக் கவனத்துக்கு முந்தியதா, பிந்தியதா?

இவருடைய ஆதரவாளர்கள் சிந்தித்து வாக்களிக்கும் குடிமக்களாகக் காட்டப்படுகிறார்களா, அல்லது உணர்ச்சிவயப்பட்ட கூட்டமாகவா?

செய்தியை எழுதியவரும் திருத்தியவரும் எந்தச் சமூகப் பின்னணியிலிருந்து வருகின்றனர்?

ஜாக்சன் 1988இல் வேட்பாளர் ஆகவில்லை. ஆனால் அவருடைய அணியினர் வலியுறுத்தியதால், வாக்கு விகிதத்துக்கேற்பப் பேராளர்களைப் பங்கிடும் முறையை ஜனநாயகக் கட்சி எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கியது. இருபது ஆண்டுகளுக்குப் பின் பராக் ஒபாமா வேட்பாளராவதற்கு அந்த விதி துணைநின்றது. ‘என்னதான் வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த செய்தியாளர்களில் மிகச் சிலரே அந்த விதிமாற்றத்தை அன்று செய்தியாகக் கருதினர். அத்தகைய செய்திகளைக் கண்டெடுத்து எழுதுவது நம்மைப் போன்ற இதழ்களின் பொறுப்பு.