பல்வலி உயிருக்கு உலை வைத்த காலம்

லண்டன் நகரில் 17-ஆம் நூற்றாண்டில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் அச்சாகி வந்தது. கொள்ளைநோய், காய்ச்சல், அம்மை ஆகியவற்றோடு 'பல்' என்பதும் சாவுக்கு ஒரு காரணமாக அதில் இடம்பெற்றது. பெருங்கொள்ளைநோய் பரவிய 1665-இல் பல்லும் குடற்புழுவும் சேர்ந்த தலைப்பின் கீழ் 2,614 பேர் வருகிறார்கள். இந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. பல் முளைக்கும் வயதில் எந்த நோயால் குழந்தை இறந்தாலும் அந்தத் தலைப்பில் சேர்த்துவிடுவது வழக்கம். வீடு வீடாகப் போய்க் காரணம் விசாரித்த மூதாட்டிகள் மருத்துவம் கற்றவர்களும் அல்லர். ஆனாலும் பல் ஆளைக் கொல்லும் என்பதில் அக்காலத்தவருக்கு ஐயமில்லை. எப்போது கொல்லும் என்பதுதான் பிடிபடவில்லை.

எல்லாரும் வலியையே அளவுகோலாக வைத்திருந்ததே அதற்குக் காரணம். பல்லைப் புழு அரிப்பதால் வலிக்கிறது என்ற நம்பிக்கை பாபிலோனியக் களிமண் ஏடுகளிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் குரோசாணி ஓம விதையைத் தீயிலிட்டு வாய்க்குள் புகை பிடித்தார்கள். நம் ஊரில் அதே வேலைக்குக் கண்டங்கத்திரி விதை. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் நுண்ணோக்கியில் தேடியும் புழு எதையும் காணவில்லை என்று 1728-இல் வெளியான தம் நூலில் எழுதினார். நம்பிக்கை அதனால் உடனே ஒழிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1540-ஆம் ஆண்டுச் சட்டம் நாவிதர்களுக்கு விட்டுவைத்த ஒரே அறுவை வேலை பல் பிடுங்குவது. பொறுக்கும்வரை பொறுத்து, முடியாதபோது அவர்களிடம் போவார்கள். வலி நின்றால் நோய் தீர்ந்தது என்பது கணக்கு.

அந்தக் கணக்கில்தான் ஆபத்து ஒளிந்திருந்தது. வேரடியில் அடைபட்ட சீழ் எலும்பைத் துளைத்து வெளியேறியதும் அழுத்தம் குறைகிறது, வலியும் தணிகிறது. சீழ் அடுத்து எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது உயிர்.

ஸ்டுட்கார்ட் நகரில் அரச மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிக் ஃபான் லுட்விக், தாம் கண்ட ஒரு கொடிய கழுத்து வீக்கத்தை 1836-இல் விவரித்தார். தாடைக்கடியில் தொடங்கிய வீக்கம் மரக்கட்டை போல இறுகியது. நாக்கு மேலே தள்ளப்பட்டது, வாய் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை. தொண்டையில் அழற்சி பெரிதாக இல்லாதபோதும் நோயாளிகள் சில நாட்களில் இறந்தார்கள். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனால் அதைப் பல்லோடு முடிச்சுப் போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள்தாம். வாய்க்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி வில்லோபி மில்லர் 1890-இல் விரிவான நூல் எழுதிய பிறகு, சொத்தைக்கும் சீழுக்கும் உள்ள உறவு தெளிவாயிற்று. அடுத்த தலைமுறை எதிர் எல்லைக்கே போய்விட்டது: மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பல்லே காரணம் என்று, 1910-க்குப் பிறகு நல்ல பற்களையும் வாய் வாயாகப் பிடுங்கித் தள்ளினார்கள். மருத்துவ வரலாற்றில் பெருமைப்பட ஏதுமில்லாத அத்தியாயம் அது.

உருப்படியான திருப்பம் 1940-களில் வந்தது. பாஸ்டன் மருத்துவர் ஒருவர் 1940-இல் பதிவு செய்த 31 லுட்விக் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். 1943-இல் வெளியான 20 பேரின் பதிவில் சாவு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. பென்சிலின் அப்போது பொதுமக்கள் கைக்கு வரவில்லை. காத்திராமல் மூச்சுவழியைக் காத்ததும், வீக்கத்தைக் கீறிவிட்டதுமே பெரிதும் உதவின. அதே ஆண்டு, இந்நோய் தாடைக்கடியில் தொடங்குவதற்குக் கர்ட் சியாஸ்னி உடற்கூறு வழியே காரணம் காட்டினார். கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, வாயின் தரையாக அமைந்த தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அங்கே உடையும் சீழ் வாய்க்குள் வராமல் நேரே தாடைக்கடியில் இறங்கிவிடுகிறது.

அடிபட்டு விழுந்த பல்லின் அவசரம் வேறு வகை. அங்கே கடிகாரம்தான் கணக்கு. கோபன்ஹேகனில் ஆண்ட்ரியாசனும் யோர்ட்டிங் ஹான்சனும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், அரைமணிக்குள் திரும்பப் பொருத்திய பற்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வேர் கரையவில்லை. இரண்டு மணி நேரத்துக்குமேல் தாமதித்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே கரைந்தன. விழுந்தது நிலைப்பல்லானால் வேரைத் தேய்க்காமல் குழியிலேயே வைக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்ற இன்றைய விதி இவ்வகை ஆய்வுகளில் பிறந்தது. பால்பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை.

தாடைக்கடியிலோ கண்ணை நோக்கியோ பரவும் வீக்கம், திறக்க மறுக்கும் வாய், விழுங்க முடியாமல் வழியும் எச்சில், மாறிய குரல், காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவை இன்று பல் மருத்துவமனைக்குக்கூட அல்ல, பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே உரியவை. வெறும் வலி எவ்வளவு கடுமையானாலும் பெரும்பாலும் மறுநாள்வரை தாங்கும். ஆயினும் சீழ் எப்போதும் முன்னறிவிப்போடு வருவதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் 2007-இல் இறந்த 12 வயதுச் சிறுவன் தலைவலி என்றுதான் சொன்னான். பல்லின் சீழ் மூளைக்கு ஏறியிருந்தது. இரண்டு அறுவை சிகிச்சைகளும் அவனைக் காப்பாற்றவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் போதுமாயிருந்திருக்கும். அவன் இறந்த பிறகே அம்மாநிலம் ஏழைக் குழந்தைகளுக்கான பல் மருத்துவ ஏற்பாட்டை விரிவாக்கியது.