கொள்ளைநோயும் ஊதிய உதைபந்தாட்டமும்

திருகோணமலைத் துறைமுகத்திற்கும் உதைபந்தாட்டத்திற்கும் உள்ள உறவு பழையது. 1957ஆம் ஆண்டிற் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை இலங்கையரசிடம் ஒப்புவித்து நீங்கிற்று, பந்து நீங்கவில்லை. ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் மைதானத்திலும் தலைமுறை தலைமுறையாக இளைஞர் ஆடி வந்துள்ளனர். எனினும், ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஈண்டு வாழ்ந்தார் அரியர்.

1918-19இல் இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கையைத் தாக்கியது. அதனால் நேர்ந்த மக்கட்டொகை இழப்பு ஏறத்தாழ 3,07,000 என அண்மைக்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். அக்காலத்தில் இந்நாட்டிற் பந்தாட்டம் பொழுதுபோக்கே; ஆட்டம் நின்றமையால் எவர் வீட்டு அடுப்பும் அணைந்ததில்லை. நூறாண்டின் பின் வந்த கொரோனாக் கொள்ளைநோயின் நிலை வேறு.

2020 மார்ச்சு 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. அடுத்த மாதமே வெலிசறைக் கடற்படை முகாமில் நோய் பரவி, நூற்றுக்கணக்கான கடற்படையினரைப் பற்றிற்று. மே 16ஆம் நாள் செருமானியர் தம் முதற்பிரிவுப் போட்டியைப் பார்வையாளரின்றியே மீளத் தொடங்கினர். தொலைக்காட்சி தரும் பெரும்பணம் அவர்க்கு உண்டு. வெற்றரங்கும் அவர்க்கு வருவாய் தரும். இலங்கைக் கழகங்கட்கு அவ்வாய்ப்பு ஏது? உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் ஒவ்வொரு நாட்டுச் சங்கத்திற்கும் பத்து இலட்சம் டொலர் உதவி அறிவித்தது உண்மையே. சங்கத்திற்கு வரும் பணம் வேறு, ஆட்டக்காரன் கையிற் சேரும் பணம் வேறு.

இத்தகைய காலத்திலேதான் நாட்டின் முதலாவது ஊதியப் போட்டித்தொடராகிய சுப்பர் லீக் 2021 ஏப்ரிலிற் கொழும்பில் தொடங்கப்பெற்றது. சித்திரைப் புத்தாண்டின் பின் எழுந்த மூன்றாம் அலை அதனைத் தொடக்கத்திலேயே நிறுத்திற்று. பங்குகொண்ட கழகங்கள் பத்து. அவற்றுள் டிபெண்டர்ஸ் தரைப்படையினது. புளூ ஈகிள்ஸ் விமானப்படையினது. சீ ஹோக்ஸ் கடற்படையினது. படைவீரனுக்குப் போட்டி நின்றாலும் மாதச் சம்பளம் நிற்பதில்லை. ஏனைய ஏழு கழகத்தாரோ புரவலரையும் போட்டியையுமே நம்பியிருந்தனர். ஊதிய ஆட்டம் வேரூன்றுமுன்னரே, அரசாங்க உத்தியோகமே ஆட்டக்காரனுக்குப் புகலிடம் என்ற பழைய எண்ணத்தைக் கொள்ளைநோய் உறுதிப்படுத்திற்று என்றே கொள்ளல் வேண்டும். வடக்கு, கிழக்கு மாகாணக் கழகம் ஒன்றேனும் அப்பத்தினுள் இல்லை என்பதும் நோக்கற்பாலது. துறைமுகப் பட்டினத்து இளைஞனுக்கு முன்பிருந்த வழியும் படையில் அல்லது கொழும்பிற் சேர்தலே, பின்பும் அதுவே.

புளூ ஸ்டார் கழகம் அத்தொடரில் வாகை சூடி, 2022 ஏப்ரிலில் ஆசியக் கிண்ணப் போட்டியில் நேபாள மச்சீந்திராக் கழகத்தை 2-1 என வென்றது. பின் கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0-5 எனத் தோற்றது. அதற்கு முந்திய ஆண்டு யூன் மாதத்தில், உள்நாட்டிற் பயணத்தடை நிலவிய வேளை, தேசிய அணி தென்கொரியாவின் கோயாங் நகரிலே லெபனானை எதிர்த்தாடி 2-3 எனப் பின்னிட்டது. இலங்கையின் இரு கோல்களையும் இட்டவர் அகமட் வசீம் ராசீக். அவர் பெர்லினிற் பிறந்து, செருமானியக் கழகங்களில் ஆடியவர்.