பேர் சொல்லா மருந்து

பாட்டி வைத்தியம் என்கிறார்கள். யாருடைய பாட்டி?

எங்கள் சேரியில் பிள்ளை வயிறு உப்பி அழுதால் அம்மாயி வசம்பைச் சுட்டு, தாய்ப்பால் விட்டு உரைச்சு நாக்குல தடவும். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பேர். 'பேர் சொல்லா மருந்து' என்றும் சொல்வதுண்டு. ஊர்த்தெருவில் பிரசவம் பார்த்ததும் அம்மாயிதான். தொப்புள்கொடி அறுக்கிறவரை தீட்டில்லை. அறுத்து முடிச்சதும் கொல்லை வழியாத்தான் வெளியே வரணும். கூலி மரக்கா நெல்லு, ஒரு பழஞ்சேலை.

இதே வயிற்று உப்பசத்துக்கு 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்டு கிரைப் வாட்டர் செய்தார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர். அன்றைக்குச் சாராயமும் சேர்ந்திருந்தது. 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வரராவ் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். புட்டிக்குப் பேர் உண்டு, முதலாளிக்கும் பேர் உண்டு.

நம்மவர்க்கு வைத்தியம் ஏது என்பவர்கள் அயோத்திதாசப் பண்டிதரைப் (1845–1914) படிக்க வேண்டும். 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அவர் பிழைப்புக்குச் செய்தது சித்த வைத்தியம். பௌத்தர், பத்திரிகையாளர் என்று பேசும் நாமே வைத்தியரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறோம். பண்டிதருக்கே இதுதான் கதி என்றால் எழுத்தறியாத மருத்துவச்சியை யார் எழுதுவது?

பச்சைப் பிள்ளைக்கு வசம்பு வேண்டாமென்று இன்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சரி, கொடுக்க வேண்டாம். ஆனால் அம்மாயி கையில் பிறந்தவர்கள் ஊர்த்தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அதோட பேரைக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.