கந்தளாய்க் குளக்கட்டும் வலசைப் பறவைகளும்

கந்தளாயில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. வயற்புறத்தைத் தீய்த்துச் சென்ற கச்சான் காற்று அடங்கி, மாரியின் முதல் இடி முழங்குவதற்கு முன் கழிகின்ற சில வாரங்களே இங்கே சரத்காலத்தின் ஸ்தானத்தை வகிக்கின்றன. சிறுபோகத்துக்குத் தண்ணீர் ஈந்து வற்றிய பெருங்குளம் கரையோரத்தில் சேற்றுத் திடல்களை விரித்து வைத்திருக்கும் அந்நாட்களில், வடதேசத்துக் குளிருக்கு முன்பே புறப்பட்ட உள்ளான்களும் தகைவிலான்களும், அவற்றின் பின்னே நீலச்சிறகித் தாராக்களும் வந்து சேர, மாலையில் குளக்கட்டின்மேல் உலாவப் போகிறவர் ஊரெல்லையைத் தாண்டாமலே தூரதேசத்து விருந்தாளிகளைத் தரிசிக்கிறார்.

இக்குளத்தை ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் அக்கபோதி மன்னன் அமைத்தான் என்று சூளவம்சத்தை ஆதாரமாகக் கொண்டோர் கூறுவர். கோணேசர் ஆலயத்தின் பொருட்டுக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்பது திருகோணமலைத் தமிழர் வழிவழியாகப் போற்றிவரும் ஐதிகம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன துயரத்தின் பின் திருத்தப்பட்ட கட்டின்மீதே இன்று நாம் நடக்கிறோம்.

பறவைகளைப் பற்றிய பழைய சாசனம் ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1187 முதல் 1196 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட நிச்சங்கமல்லன், பிராமணர் வாழ்ந்த இந்தக் கந்தளாயிலே கல்லாசனம் ஒன்றில் தன் சாசனத்தைப் பொறித்துச் சென்றவன். அதே மன்னனுடைய அநுராதபுரச் சாசனமோ, பெருங்குளங்களின் மீன்களுக்கு அவன் அபயம் அளித்ததையும், காம்போஜர்களுக்குப் பொன்னும் வஸ்திரமும் வழங்கிப் பறவை பிடித்தலை நிறுத்துவித்ததையும் தெரிவிக்கின்றது. தண்டனை சொல்லி அச்சுறுத்துவதோடு நில்லாமல், கைவிடச் சொன்ன தொழிலுக்கு ஈடாகப் பொருளும் கொடுத்த அந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இத்தீவின் பறவைகளைச் சாஸ்திர முறையில் முதன்முதலாக விரிவாக எழுதிய பெருமை ஒரு படைவீரருக்கு உரியது. பிரித்தானியப் பீரங்கிப் படையைச் சேர்ந்த கப்டன் வின்சென்ட் லெக், 1868 முதல் 1877 வரை இலங்கையில் சேவை புரிந்தவர். அக்காலத்தின் ஒரு பகுதியைத் திருகோணமலையிலே கழித்து, காடும் குளமும் கடற்கரையும் அலைந்து, தீவின் பல பாகங்களிலிருந்த நண்பர்கள் அனுப்பிய குறிப்புகளையும் திரட்டி, கியூல்மன்ஸ் தீட்டிய சித்திரங்களோடு 1878க்கும் 1880க்கும் இடையே தம் மகத்தான கிரந்தத்தை வெளியிட்டார். ஆனால், அன்று பறவையை அறிவதென்றால் அதைச் சுடுவதே மார்க்கம். சுட்ட பறவையின் தோலை உரித்து, பாஷாணம் கலந்த சவர்க்காரத்தைத் தடவி, பஞ்சடைத்து, அது கிடைத்த இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் காலிலே கட்டிவைப்பார்கள். அந்தக் கொலை என் மனத்துக்கு ஒவ்வாதது. எனினும், அந்தச் சீட்டுகள் இல்லாவிடில் எந்தப் பறவை எப்போது எங்கே இருந்தது என்று இன்று நிச்சயித்துச் சொல்ல இயலாது என்பதை மறுக்கவும் முடியாது.

துப்பாக்கியின் இடத்தைத் தொலைநோக்கியும் பென்சிலும் பிடிக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியது. கந்தப்பளையில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி, தம் கையாலேயே சித்திரம் எழுதி, சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து 1955இல் வெளியிட்ட கைந்நூல், சாதாரண மனிதன் வீட்டு வேலியருகே நின்றே பறவையை இனங்காண வழிசெய்தது.

நம்மவர் ஆறுமணிக்குருவி என்றழைக்கும் பறவை ஐப்பசியையொட்டி இரவிலே கடல் கடந்து வருவது. களைத்துப்போய், விளக்கொளியில் மயங்கிச் சில வேளைகளில் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும். பசிய முதுகும், கட்டை வாலும், கண்ணின் குறுக்கே கரிய பட்டையும், வாலடியிலே குங்குமச் சிவப்பும் உடைய அதை மெல்லத் துணியால் மூடி, இருளான மூலையில் ஓய விட்டு, விடிந்ததும் புதரருகே விட்டால், அந்தி வேளையில் அப்புதரிலிருந்தே சீழ்க்கை ஒலி எழக் கேட்கலாம்.

நீர்ப்பறவைகளின் கணக்கெடுப்பு ஆசியா முழுவதிலும் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது. அக்கணக்கு எத்தனை பறவை தங்கியது என்று சொல்லும். முதலாவது பறவை என்று வந்தது என்பதை அதனால் சொல்ல இயலாது. புரட்டாசி தொடங்கி நாள் தவறாமல் குளக்கட்டில் நடக்கும் உள்ளூர்வாசிக்கே அது சாத்தியம். லெக் பறவையின் காலிலே கட்டிய இடமும் தேதியும், பறவை உயிரோடு சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கையிலேயே, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் ஏறிவிடும்.