கிதார், தபலா, கடம், வயலின்... ஒரே குழுவில் சேர்ந்தது எப்படி? 'சக்தி' இசைக்குழு பற்றிய முழு விவரம்

2024 பிப்ரவரியில் நடந்த 66வது கிராமி விழாவில், சிறந்த உலகளாவிய இசை ஆல்பம் விருதைத் தட்டிச் சென்றது 'சக்தி' குழுவின் 'திஸ் மொமென்ட்'. அதே ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி, குழுவின் தபலா மேதை ஜாகிர் உசேன் தனது 73வது வயதில் காலமானார். இங்கிலாந்து கிதார் கலைஞரும் நம்ம ஊர் வித்வான்களும் சேர்ந்த இந்தக் குழு உருவானது எப்படி? பார்க்கலாம்.

யார் யார் இருந்தார்கள்?

- ஜான் மெக்லாஃப்லின் (கிதார்): இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஜாஸ், ராக் உலகின் பெரிய பெயர்.
- எல்.சங்கர் (வயலின்): சென்னையில் பிறந்து, இலங்கையில் வளர்ந்தவர்.
- ஜாகிர் உசேன் (தபலா): மும்பை. அல்லா ரக்காவின் மகன்.
- விக்கு விநாயக்ராம் (கடம்): கர்நாடக இசை மேடைகளில் புகழ்பெற்றவர்.

முதல் ஆல்பத்தில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. 1975-ல் மேடையிலேயே பதிவான அந்த ஆல்பம் 1976-ல் வெளிவந்தது.

இதில் என்ன ரிஸ்க்?

மெக்லாஃப்லின் அப்போது 'மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' மூலம் அதிரடி எலெக்ட்ரிக் கிதாருக்குப் பேர் போனவர். அதை அப்படியே ஓரங்கட்டிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அகௌஸ்டிக் கிதார் வாசிக்கத் தொடங்கினார். பழைய ரசிகர்களுக்கு இது முற்றிலும் புதுசு. அந்தப் பக்கம் பார்த்தால், தபலாவும் கடமும் ஜோடி சேர்வது இந்தியாவிலேயே அபூர்வம்.

வேறு வேறு இசை, எப்படி ஒத்துப்போனது?

மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றவர். கிதாரில் கமகம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக, மெட்டுகளுக்கு நடுவே இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்க வைத்தார். சுருதிக்காக 7 கூடுதல் கம்பிகளும் குறுக்கே பொருத்தப்பட்டன.

தாளத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கு. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து சமத்தில் வந்து முடிப்பதை இந்துஸ்தானியில் 'திஹாய்' என்கிறார்கள். கர்நாடக இசையிலும் இதுபோன்ற தீர்மானங்கள் உண்டு. ஆக, வடக்கும் தெற்கும் கணக்கில் சந்தித்துக்கொண்டன. ஜாஸில் அந்தந்த நிமிடத்தில் கற்பனையாக வாசிப்பதுபோல, இங்கே மனோதர்மம். இருவருக்கும் அதுவே பொதுவான இடம்.

பிரிந்தது, மீண்டும் சேர்ந்தது எப்போது?

3 ஆல்பங்களுக்குப் பிறகு, 1978-ல் குழு பிரிந்தது. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மெக்லாஃப்லினும் ஜாகிரும் மீண்டும் இணைந்தனர். பிறகு மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ், விக்குவின் மகன் செல்வகணேஷ் (கஞ்சிரா), பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோரும் சேர்ந்தனர். 2014-ல் ஸ்ரீநிவாஸ் 45 வயதிலேயே மறைந்தது பெரிய இழப்பு.

2023-ல் வந்த 'திஸ் மொமென்ட்', 1977-க்குப் பிறகு 'சக்தி' பெயரில் வெளியான முதல் ஸ்டூடியோ ஆல்பம். வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன் வந்தார்.

ஏன் முக்கியம்?

பல ஃப்யூஷன் முயற்சிகளில் ஒரு இசை முன்னால் நிற்கும், இன்னொன்று வெறும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சக்தியில் கடத்துக்கும் கிதாருக்கும் சம வாய்ப்பு. விருது கிடைத்தபோது மெக்லாஃப்லினுக்கு வயது 82. முதல் ஆல்பத்தில் அவருடன் வாசித்தவர்களில் கிராமி வென்ற ஆல்பத்திலும் இருந்தவர் ஜாகிர் மட்டுமே.