முந்திரியும் அம்மன் காசும்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கணக்கோடு மல்லாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு நினைவுக்கு வரும். சிறு செப்புக் காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. 320 காசு ஒரு ரூபாய்.

இந்த 320 என்ற எண்ணைச் சற்றுக் கவனியுங்கள். மணலில் எழுத்துப் பழகி ஓலைக்கு ஏறிய திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன், எண்சுவடியில் பின்னங்களை நெட்டுருப் போட்டான். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. நாலு முந்திரி ஒரு காணி. நாலு காணி ஒரு மா. அப்படியானால் ரூபாயில் ஒரு காசு முந்திரி, நாலு காசு காணி, பதினாறு காசு மா. பாடத்துக்காகவே காசு அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பதினாறணாவை இருபதால் பெருக்கினால் 320 வரத்தானே செய்யும்! ஆனாலும் வாய் ஒப்பித்த பின்னம் மடியில் காசாகவும் கிடந்தது என்பது சின்ன விஷயமல்ல.

1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அணா போயிற்று, பிள்ளைகள் வாயிலிருந்து காணியும் மாவும் போயின. இன்று பின்னம் என்பது புத்தகத்தில் வட்டம் போட்டு வண்ணம் தீட்டிய ஒரு பங்கு.

பழைய படிப்புப் போயிற்றே என்று புலம்ப நான் வரவில்லை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்கள் யார்? பெரும்பாலும் பையன்கள்; அதிலும் வசதியும் சாதியும் இடம் கொடுத்தவர்கள். காசு எல்லார் கையிலும் புழங்கிற்று; கணக்கு மட்டும் சிலருடைய சொத்தாக இருந்தது.

அந்தப் பழைய பாக்கியைத் தீர்க்கத்தான் 1991இல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கிளம்பிற்று. நடு வயதுப் பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் விட்டார்கள். கூலிக்குக் கல்லுடைத்தவர்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். எத்தனை லோடு போயிற்று, என்ன விலை, தலைக்கு எவ்வளவு என்று இனி அவர்களே பார்க்கவேண்டும் அல்லவா?

தலைக்கு எவ்வளவு என்பதுதான் பின்னம். முந்திரி என்று சொன்னால் என்ன, வட்டத்தில் வண்ணம் தீட்டினால் என்ன? அது புரியாமல் ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டால், நாளைக்கு அதன் பங்கை வேறு யாரோ கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான்.